மாப்பிள்ளையோடு மூன்று நாள், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர்

ஆம்பூரிலிருந்து வேலூர் ஐம்பது கிலோமீட்டர். எனக்கு அதுவே வெளியூர்தான். ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி, மகளின் நர்சிங் படிப்பு என்று ஏதாவது காரணம் இருந்தால்தான் பஸ் ஏறுவேன். அப்படிப்பட்ட நான் 2023 ஆடி மாதத்தில் தன்னந்தனியாக ஆகாய விமானம் ஏறி ஆஸ்திரேலியா போய் வந்தேன் என்றால், எங்கள் தெருவில் இன்னும் இரண்டு பேர் நம்புவதில்லை.

காரணம் மகளின் பிரசவம். அவளும் மாப்பிள்ளையும் வேலூரில் நர்சிங் படித்தவர்கள். இரண்டு பேருக்கும் ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வேலை. உலகப் படத்தை விரித்து அந்த ஊரைத் தேடிப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் கடற்கரைக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டராவது போகவேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்த வரனை முதலில் வேண்டாமென்றவள் நான்தான். 'பெண்ணைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் போட்டுவிடுவார்' என்று என் வீட்டுக்காரரிடம் புலம்பித் தீர்த்தேன். இப்போது அதே மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தார்.

"ஆடியில யாராவது பிரயாணம் கிளம்புவாங்களா?" என்று மாமியார் முணுமுணுத்தார். மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஆடி, ஆவணி பார்த்தால் முடியுமா? விசாவுக்குச் சென்னையில் போட்டோவும் கைரேகையும் கொடுத்தது, அதற்குப் பிறகு காத்திருந்தது எல்லாம் எல்லோரும் படுகிற பாடுதான், விட்டுவிடுகிறேன். என்னைப் போல முதல் தடவை போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லவேண்டும்.

ஒன்று, மாத்திரை. எனக்குச் சர்க்கரை உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் மருந்து கொண்டுபோக விடமாட்டார்கள். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பெயர் தெளிவாக எழுதி இருக்கவேண்டும். மாத்திரையைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரு விமானத்திலும் நாம் ஒரு விமானத்திலும் போவது நடக்கக்கூடியதுதானே! அங்கே நம் போன்ற விருந்தாளிகளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு மலைக்க வைக்கும். ஆகவே பிரயாண இன்ஷூரன்ஸ் இல்லாமல் போகவே கூடாது.

இன்னொன்று, சாப்பாட்டுச் சாமான். விமானத்தில் ஒரு அட்டை தருவார்கள். உணவு, விதை, மரம், மிருகப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று அதில் கேட்டிருக்கும். எனக்கு எது உணவு, எது மருந்து என்றே குழப்பம். பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கேட்டு எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றே போட்டுவிட்டேன். அதுதான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் எதிர்வீட்டு பாயம்மா மகளுக்கென்று ஆசையாகக் கொடுத்த மக்கன் பேடாவை அதிகாரி எடுத்துக்கொண்டார். பால்கோவா கலந்தது, நம் நாட்டு மாட்டு நோய் அங்கே வந்துவிடக் கூடாதாம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் அபராதம் இல்லை. சொல்லாமல் மறைத்திருந்தால்தான் அபராதம். கடையில் முத்திரை போட்டு வாங்கிய சுக்கையும் மிளகையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்கென்று கொண்டுபோன ஆம்பூர் ஷூவை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் என்பதற்காக இல்லை. அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று! அது டப்பா பிரிக்காத புது ஷூ.

சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ராத்திரி விமானத்தில் அடிலெய்ட். காலையில் இறங்கியபோது அங்கே நம்மைவிட நாலு மணி நேரம் முன்னால். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு உள்ளூர் விமானம் உண்டு. ஆனால் குழந்தைக்குத் தொட்டில், அலமாரி என்று வாங்கவேண்டியிருந்ததால் மாப்பிள்ளை காரிலேயே வந்திருந்தார். மகள் வரவில்லை, அந்தச் சமயத்தில் வரவும் கூடாது. ஆக, மூன்று நாள், ஒரே கார், நானும் மாப்பிள்ளையும். நினைத்துப் பாருங்கள்! அதுவரை நான் அவரிடம் பேசியதெல்லாம் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க மாப்பிள்ளை" இரண்டுதான்.

முதல் நாள் முந்நூறு கிலோமீட்டர் போய் போர்ட் அகஸ்டா என்ற ஊரில் தங்கினோம். அந்த முந்நூறு கிலோமீட்டரும் நான் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே வந்தார். போர்ட் அகஸ்டாவுக்குச் சற்று முன்னால் ரோட்டோரம் ஒரே மஞ்சள் பூ. நம் ஆவாரம் பூ மாதிரியே இருந்ததால் என்னை அறியாமல், "ஆவாரம்பூ இங்கேயுமா?" என்றேன்.

"இல்ல அத்தை, இது வாட்டில்."

"டேனரியில மூட்டை மூட்டையா இறங்குமே, அந்த வாட்டிலா?"

அவர் காரை ஓரங்கட்டியே விட்டார். ஆமாம், அதே குடும்பம்தான். எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். பிறகு வாட்டில் பட்டைச் சாறு வந்தது. அந்த மரத்துக்குப் பிறந்த வீடு ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு. அங்கிருந்து நீலகிரிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கொண்டுபோய் வளர்த்தார்கள். அதில் ஒரு வகைப் பூவைத்தான் 1988ல் ஆஸ்திரேலியா தன் தேசியப் பூவாக அறிவித்தது. என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷம் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிறவர். அவர் சட்டையில் நான் துவைத்துத் துவைத்துப் போகாத வாசனையின் சொந்தக்காரியை அங்கே பூத்துக் குலுங்கப் பார்த்தேன். ஒரு கொத்துப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்ள ஆசைதான், சங்கோஜமாக இருந்தது.

மறுநாளிலிருந்துதான் 'பெரிய தேசம்' என்றால் என்ன என்று புரிந்தது. ஆஸ்திரேலியா நம் இந்தியாவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஜனங்களோ மொத்தமே மூன்று கோடி இல்லை, நம் தமிழ்நாட்டில் பாதிகூட வராது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஓரிடத்தில் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க்கே கிடையாது. ஆம்பூரிலிருந்து சென்னை போனாலும் இன்னும் மிச்சம் இருக்கும் தூரம். நடுவில் டீக்கடை இல்லை, கோயில் இல்லை, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர்கூட இல்லை. செம்மண்ணும் குத்துச்செடியும்தான். எப்போதாவது மூன்று பெட்டி கோத்த ராட்சச லாரி ஒன்று எதிரே வரும். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அது கடக்கும்போது கார் ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும்.

வண்டியில் இருபது லிட்டர் கேன் இரண்டில் குடிதண்ணீர் வைத்திருந்தார். "இவ்வளவு எதுக்கு மாப்பிள்ளை?" என்றேன். வண்டி நின்றுவிட்டால் அதை விட்டு நடந்து போகக் கூடாதாம். தண்ணீரோடு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவேண்டும், தேடி வருகிறவர்கள் கண்ணில் வண்டிதான் முதலில் படும். சாயங்காலமானால் ஓட்டவும் கூடாது, கங்காரு குறுக்கே பாயும்.

மத்தியானம் ஒரு இடத்தில் தூரத்தில் வெள்ளை வெளேர் என்று ஏரி தெரிந்தது. ஹார்ட் ஏரி என்று பெயர். கிட்டே போனால் தண்ணீர் இல்லை, அத்தனையும் உப்பு. டேனரி வாசலில் தோலிலிருந்து உதறிக் குவித்த உப்பு என் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொன்னேன். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க கிணறும் இப்படித்தான் உப்பாச்சு அத்தை" என்றார் பிறகு. பேரணாம்பட்டுப் பக்கம் அவர் ஊர். கழிவு நீர் இறங்கி இறங்கிக் கிணறு வாயில் வைக்க முடியாமல் போனதும், அவருடைய அம்மா விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர் நடந்து தண்ணீர் எடுத்து வருவார்களாம். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. 1996ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கழிவைச் சுத்தம் செய்யாமல் டேனரி நடத்தக் கூடாது என்று ஆனது. "அப்ப நான் சின்னப் பிள்ளை. தீர்ப்பு வந்துச்சு, கிணறு திரும்பி வரல."

நான் என்ன சொல்வேன்? எங்கள் வீட்டில் உலை கொதிப்பதே அந்தத் தோலில்தான். மகளை நர்சிங் படிக்க வைத்த பணமும் அதுதான். அவர் அம்மா தண்ணீர் சுமந்த கதையைச் சம்பந்தம் பேசியபோது யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பையனுக்குச் சொந்த வீடு உண்டா என்றுதான் கேட்டேன்.

அன்று ராத்திரி தங்கியது கூபர் பீடி. 1915ல் அங்கே ஓபல் என்ற ரத்தினக்கல் கிடைத்ததிலிருந்து தோண்டுகிறார்கள். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடுமாம். அதனால் பாதிப் பேர் குன்றைக் குடைந்து பூமிக்குள்ளேயே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தங்கும் விடுதியும் அப்படித்தான். ஜன்னல் கிடையாது, சுவரெல்லாம் இளஞ்சிவப்புப் பாறை. வெளியே நல்ல குளிர், உள்ளே போர்வையே வேண்டியதில்லை. கரண்ட் செலவில்லாத ஏ.சி.! சமையலறையைப் பெரிதாக்கவேண்டுமானால் கொத்தனார் வேண்டாம், இன்னும் கொஞ்சம் குடைந்தால் போதும் என்று விடுதிக்காரப் பெண்மணி சைகையில் காட்டிச் சிரித்தார். ஊருக்குத் தண்ணீர், வெளியே ஆழ்குழாயில் எடுத்து உப்பு நீக்கி வருகிறது. காசு போட்டுப் பிடிக்கும் குழாயும் உண்டு. ஆம்பூரில் கேன் தண்ணீர் வாங்கிப் பழகிய எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை.

மூன்றாம் நாள் எழுநூறு கிலோமீட்டர். அந்த எழுநூறும் எப்படிப் போனதென்றே தெரியவில்லை, பேச்சுதான். மகளுக்கு நான் வைக்கும் பூண்டுக் குழம்பு எவ்வளவு பிடிக்கும் என்று அவர் சொல்ல, அவருக்கு நாக்கு செத்துப்போயிருப்பது எனக்குப் புரிய, இருட்டும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்துவிட்டது. வாசலில் நின்ற மகளின் வயிற்றைப் பார்த்ததும் நான் அழுததை எழுதவேண்டாம்.

அந்த ஊரின் நடுவே டாட் என்று ஒரு ஆறு போகிறது. 'போகிறது' என்பது பேச்சுக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாள் சொட்டுத் தண்ணீர் கிடையாது. பார்த்ததும் பாலாறு என்று நினைத்தேன். ஒரு வித்தியாசம், அங்கே மணல் இருந்த இடத்திலேயே இருக்கிறது! கரையில் பெரிய பெரிய வெள்ளைத் தண்டு மரங்கள். ஆகஸ்டில் அந்த வறண்ட ஆற்றில் படகுப் போட்டி நடத்துகிறார்கள். கேலி இல்லை, 1962லிருந்து நடக்கிறது. அடிப்பலகை இல்லாத படகை இடுப்பில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடுகிறார்கள். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த என் மகள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே வந்துவிட்டது. 1993ல் ஒரு தடவை போட்டியையே நிறுத்தவேண்டியதாயிற்றாம். ஏனென்றால் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது!

அந்த மண்ணுக்கு முதல் சொந்தக்காரர்கள் அரெர்ன்ட்டே மக்கள். ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் எம்பார்ன்ட்வே. கடைத்தெருப் புல்வெளியில் அவர்களின் பெண்கள் துணி விரித்து, புள்ளி புள்ளியாக வரைந்த படங்களை விற்றுக்கொண்டிருப்பார்கள். நம் வாசல் கோலம்போலவே புள்ளி. நான் புடவையில் போனதும் ஒரு பாட்டி என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். பாஷை இல்லாமல் பத்து நிமிஷம் பேசினோம்.

பறக்கும் டாக்டர் சேவையின் கண்காட்சிக்கு மகள் கூட்டிப்போனாள். 1928ல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் ஆரம்பித்து வைத்தது. பக்கத்து வீடே நூறு கிலோமீட்டரில் இருக்கும் பண்ணைகளுக்கு டாக்டர் விமானத்தில் போவார். காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவில்தான் முன்பு தகவல் சொல்வார்களாம், தையல் மெஷின் மாதிரி. எனக்கு நம் ஐடா ஸ்கடர் அம்மாவின் ஞாபகம் வந்தது. வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய், வழியில் மரத்தடியிலேயே வைத்தியம் பார்த்தவர் அல்லவா! உள்நாட்டுக் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குச் சில வாரம் முன்பே இங்கே கொண்டுவந்து தங்க வைத்துவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். குடும்பத்தை விட்டுத் தனியே வந்து, யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் மாறியது. எனக்காக அவள் எவ்வளவு காத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் கடைசியில் பேரன் பிறந்தான். அவன் நாற்பது நாளாகுமுன் என் விசா முடிந்துவிட்டது. திரும்பும்போது விமானம்தான்.

எங்கள் மாமியார் 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது, எண்பது வயதில் ஆட்டோ பிடித்துப் போய் மஞ்சள் குங்குமம் போட்டுவிட்டு வந்தவர். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தால், கொள்ளுப்பேரனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுவார், "உங்க ஊரு ஆத்துல தண்ணி வந்துச்சாப்பா?"

"இன்னும் இல்ல பாட்டி. அங்க?"

"இங்கயும் இல்லப்பா. சரி, புள்ளையக் காட்டு."