ஊர்ப்பெயர் சோறு போடுமா?

தள்ளுவண்டியில் குவிந்திருக்கும் கறுப்புத் திராட்சையை வாங்குகிறவர்கள் விலை கேட்பார்கள். ஒன்றை வாயில் போட்டு, புளிப்பா இனிப்பா என்று பார்ப்பார்கள். எந்த ஊர்ப் பழம் என்று மட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை. விதையுள்ள பன்னீர் திராட்சை என்றால், அது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தத் திராட்சையைத் தமிழகத்துக்குக் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்ற அந்நியப் பெயர் நம்மூர் நாக்கில் நுழையவில்லை. அதன் வாசனையை வைத்துப் 'பன்னீர்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் பாயும் பூமி இது. மலையடிவார மண்ணும் காற்றும் சேர்ந்துகொள்ள, கல்தூண் நட்டுக் கம்பிப் பந்தல் போட்டுக் கொடியை வளர்த்தார்கள். கவாத்து செய்து சுமார் 120 நாளில் பழம் கைக்கு வரும். ஒரு தோட்டத்தில் அறுப்பு, பக்கத்துத் தோட்டத்தில் பூ என்று வருடம் முழுக்கத் திராட்சை கிடைப்பது இந்தப் பள்ளத்தாக்கின் தனிச்சிறப்பு.

ஆனால், பழுத்த குலை காத்திருக்காது. மழை பெய்தால் பழம் வெடிக்கும். வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

திராட்சைக்குப் பேர்போன பிரான்ஸும் இந்தக் கண்ணீரைப் பார்த்ததுதான். அதன் தெற்கே அர்ஜெலியே என்றொரு சிற்றூர். போலி ஒயின் பெருகி விலை அடிமாட்டு நிலைக்குப் போனபோது, 1907 மார்ச் 11 அன்று அந்த ஊரின் 87 விவசாயிகள் நார்போன் நகருக்குக் கிளம்பினார்கள். முன்னால் நடந்தவர் காபிக்கடை வைத்திருந்த மார்சலின் ஆல்பெர். மூன்றே மாதத்தில் மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. அந்த ஆண்டே போலி ஒயினுக்கு எதிராகச் சட்டமும் வந்தது. பிறகு 1935-ல், ஓர் ஊரின் பெயரை அந்த மண்ணில் விளைந்த ஒயினுக்கு மட்டுமே வைக்கலாம் என்ற ஏற்பாடு உறுதியானது. இன்று அங்கே பல சிற்றூர்களின் பெயரே பாட்டிலுக்கு விலை பேசுகிறது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டக் காவல் வந்துவிட்டது. ஆனால், பெட்டியில் ஏறிச் சந்தைக்குப் போகும் பழம் வழியிலேயே ஊர்ப்பெயரைத் தொலைத்துவிட்டு, வெறும் 'கறுப்புத் திராட்சை'யாகத் தராசில் ஏறுகிறது. ஜூஸ், ஜாம், உலர்திராட்சை, ஒயின் என்று எதற்கும் ஏற்ற பழம் இது. அந்தத் தொழில்கள் பந்தலுக்கு அருகிலேயே வளர்ந்தால், விலை விழும் நாளில் விவசாயிக்கு வேறொரு வாசல் இருக்கும்.

வாங்குகிறவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. "கம்பம் பழமா?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நாலு பேர் கேட்டால், கடைக்காரர் பெயர்ப் பலகை வைத்துவிடுவார்.