மழையில் நின்ற வெற்றி வீரர்

தென்னாப்பிரிக்காவிலுள்ள டர்பன் நகரை நம்மவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தது கரும்புதான். 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், முதல் ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுபோய் இறக்கியது. கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்களின் சந்ததியார் இன்றும் அந்த ஊரில் ஏராளம்.

அந்நகரில் இந்து மகா சமுத்திரத்தை ஒட்டி 1922-இல் தோன்றிய கண்ட்ரி கிளப்பின் கோல்ப் மைதானம், பார்க்கப் பார்க்க அலுக்காதது. மணல் மேடுகளுக்கு நடுவே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் புல்வெளி, முகத்தில் கடற்காற்று! அங்கே பன்னிரண்டாவது குழிக்கு 'வேல்ஸ் இளவரசர்' என்று பெயர். இளவரசர் வென்றதற்காக அல்ல. அந்த ஒரு குழிக்குள் பந்தைத் தள்ள அவர் பத்துக்கும் மேற்பட்ட அடிகள் அடித்துத் திணறினாராம். தோற்றாலும் இளவரசர் இளவரசர்தானே!

வென்றவருக்கு நடந்த மரியாதையைக் கேளுங்கள். பாப்வா சேவ்கோலம் என்ற இந்திய வம்சாவளியினர், வெள்ளைக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்தே ஆட்டம் கற்றவர். பள்ளிக்கூடம் கண்டதில்லை. எல்லோரும் மட்டைப் பிடியில் இடக்கையை மேலே வைத்தால், இவர் வலக்கையை மேலே வைப்பார். அந்தத் தலைகீழ்ப் பிடியுடனேயே 1959-இல் ஹாலந்து சென்று டச்சு ஓபன் பந்தயத்தை வென்றார். மறு ஆண்டும் வென்றார்.

1963-இல் இதே கண்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓபன் போட்டி. பாப்வா ஆடலாம் என்று அனுமதித்தார்கள். ஆடினார், வெள்ளையர்களையெல்லாம் வென்றார். அப்போது மழை பிடித்துக் கொண்டது. தோற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள் ஒதுங்கினார்கள். வென்றவரோ உள்ளே கால் வைக்கக் கூடாது! மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கிக் கொண்டார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் பரவி, நிறவெறி ஆட்சியின் மானத்தைக் கப்பலேற்றியது.

1965-இல் அதே போட்டியில் உலகப் புகழ் பெற்ற காரி பிளேயரையே வென்றார் பாப்வா. சர்க்கார் சும்மா இருக்குமா? பெரிய பந்தயங்களின் கதவு அடைபட்டது, பாஸ்போர்ட்டும் பறிபோயிற்று. 1978-இல் வறுமையிலேயே அவர் கண்ணை மூடினார்.

டர்பனில் ஒரு பொதுக் கோல்ப் மைதானத்துக்குப் பின்னாளில் அவர் பெயரைச் சூட்டினார்கள். நல்ல காரியந்தான். ஆனால் அன்று அந்த மனிதர் வேண்டியது பெயர்ப் பலகையா? மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, அவ்வளவுதானே!