குரலில் தங்கிய மொழி

பொருள் விளங்காத ஒரு மொழியை நான் ஒரு மணிநேரம் கேட்டிருந்தது அதுவே முதன்முறை. 1946ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட குரல் அது. பேசியவர் நாஜி வதைமுகாமிலிருந்து உயிர் மீண்ட ஒருவர். பேசிய மொழி இத்திஷ்.

ஜெர்மானிய மொழியை அடித்தளமாகக் கொண்டு, எபிரேயம், அரமேயம், ஸ்லாவிய மொழிகள் ஆகியவற்றின் சொற்களையும் ஏற்று வளர்ந்தது இத்திஷ். எபிரேய எழுத்துகளால் எழுதப்படும் இதனை, இரண்டாம் உலகப்போருக்கு முன் ஒரு கோடிக்கும் மேற்பட்ட யூதர்கள் பேசினர். இனப்படுகொலையில் மாண்ட 60 லட்சம் பேருள் பெரும்பாலோரின் மொழி இதுவே. நியூயார்க்கிலும் எருசலேமிலும் ஹசிதிய யூதர் இல்லங்களில் இன்றும் இது வழங்குகிறது. ஆயினும், கிழக்கு ஐரோப்பிய ஊர்தோறும் ஒலித்த வட்டார வழக்குகள், பேசியவர்களோடு மறைந்தன.

'இறைச்சி வாங்குதல்' என்பதை லித்துவேனிய யூதர் 'கேய்ஃபன் ஃப்ளேய்ஷ்' என்பர். போலந்து யூதர் 'கொய்ஃபன் ஃப்ளைஷ்' என்பர். உக்ரைன் யூதர் 'கொய்ஃபன் ஃப்ளேய்ஷ்' என்பர். எழுத்தில் மூன்றும் ஒன்றே. வேறுபாட்டைச் செவி மட்டுமே அறியும். ஆகவே, நூல்கள் காக்க இயலாததை ஒலிப்பதிவே காக்க வேண்டியதாயிற்று.

நான் கேட்ட குரலைப் பதிவு செய்தவர், சிகாகோவைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் டேவிட் போடர். எஃகுக் கம்பியில் ஒலிபதியும் கருவியுடன் ஐரோப்பா சென்று, நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தத்தம் மொழியிலேயே பேசச் செய்தார். பின்னர், 1994இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா அறக்கட்டளை 50,000க்கும் மேற்பட்ட காணொளிச் சான்றுரைகளைத் திரட்டியது. அவற்றுள் இத்திஷில் அமைந்தவற்றைக் கொண்டு, பெர்க்கிலிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேச்சுமொழித் தரவகம் ஒன்றை உருவாக்கி வருகின்றனர்.

உற்றாரை இழந்த துயரைச் சொல்பவரின் உயிரொலிகளை அளந்துகொண்டிருப்பது அறமாகுமா? இவ்வினா என்னை நெடுநாள் உறுத்தியது. பின்னொரு நாள், அப்பதிவின் ஒரு நிமிடத்தை, ஒலிப்பை மட்டும் தமிழெழுத்தில் எழுதிப் பார்க்க முயன்றேன். ஒரு தொடருக்காகப் பத்துமுறை திரும்பக் கேட்க நேர்ந்தது. அவர் மூச்சு எங்கே தடைப்பட்டது, எச்சொல்லுக்கு முன் தயங்கினார் என்பன அப்போதுதான் புலப்பட்டன. பொருள் மட்டுமே வேண்டியிருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

நடந்ததை உலகம் அறியவேண்டும் என்றே அவர்கள் பேசினார்கள். தம் தாய் தம்மோடு பேசிய விதமும் அக்குரலில் பதிவாயிற்று என்பதை அவர்கள் அன்று எண்ணியிருக்கமாட்டார்கள்.