திண்ணையில் கற்றவை

கல்வி என்றதும் கரும்பலகையும் மணியோசையும் வரிசை வரிசையான பெஞ்சுகளுமே நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால், அன்புத் தோழியரே, நம் பூட்டனார் காலத்தில் பள்ளிக்கூடம் என்பதே பெரும்பாலும் ஒரு வீட்டுத் திண்ணைதான். மணலில் விரலால் எழுதிப் பழகி, எண்சுவடியை உரக்கச் சொல்லி, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த இடம் அது. இன்று சில பெற்றோர் தம் மக்களைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கிறார்கள் என்றால் பலர் வியக்கிறார்கள். எனக்கு வியப்பில்லை. ஒன்றரை ஆண்டுக்கு மேல் நானே அப்படிப் படித்தவள்.

நான் மட்டுமா? கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் நான் ஏழாம் வகுப்புக்கும் என் தம்பி ஒன்றாம் வகுப்புக்கும் போயிருக்க வேண்டும். பாடங்கள் கைப்பேசியில் வந்தன. எனக்கு ஓரளவு புரிந்தது. தம்பியோ ஐந்து நிமிடத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். நான்காம் நாள் ஆச்சி கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "பிள்ளையை எங்கிட்ட விடுங்க" என்றார்கள்.

ஆச்சி படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். பாடத்திட்டம் என்ற ஒன்று அவர்களிடம் இல்லை. பல்லாங்குழியை எடுத்து வைத்தார்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியமுத்து. மொத்தம் எத்தனை என்று ஆச்சி கேட்கவே இல்லை. ஒரு முத்து தொலைந்த அன்று தம்பியே எண்ணிப் பார்த்து, "எழுபது இருக்கணும் ஆச்சி, ஒண்ணு குறையுது" என்று அழுதான்.

எழுத்து வந்த கதை இன்னும் வேடிக்கை. பின்கட்டில் எலுமிச்சைச் செடியில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியது. இலைகளின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சையும் நாரையும் நூலாகக் கோத்துத் தைக்கும் பறவை அது. தம்பி சோற்றை மறந்து அதையே பார்த்துக் கிடந்தான். "நாளைக்கு மறந்துபோகும் ஏலே, குறிச்சு வை" என்று பழைய காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்கள் ஆச்சி. குறித்து வைக்க எழுத்து வேண்டுமே! அவன் தானாகக் கேட்டு எழுதிய முதல் சொல் 'முட்டை'. 'அ'வும் 'ஆ'வும் பிறகுதான் வந்தன. குஞ்சுகள் பறந்து போன நாளில் இருபத்தேழு தாள்கள் சேர்ந்திருந்தன.

எனக்கும் ஒன்று கிடைத்தது. வாசலில் ஊடுபுள்ளிக் கோலம் போடும்போது புள்ளிகளை எண்ணினேன். நடுவரிசையில் மூன்று வைத்து இருபுறமும் ஒன்றுவரை குறைத்தால் 9. ஐந்து வைத்தால் 25, ஏழு வைத்தால் 49. நடுவரிசையை அதனாலேயே பெருக்கினால் போதும்! யாரும் சொல்லித் தராமல் இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எந்த மதிப்பெண்ணும் தந்ததில்லை.

அண்மையில் நூலகத்தில் மரியா மாண்டிசோரி அம்மையாரைப் பற்றிப் படித்தேன். 1939இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வந்தவர், உலகப் போரால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் 1942 முதல் 1944 வரை நம் கொடைக்கானலில் இருந்தார். பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகச் செடியையும் பூச்சியையும் பார்த்துக் கற்பதை அங்கே அருகிலிருந்து கவனித்தார். ஆச்சிக்கு அவர் பெயர் தெரியாது. படித்துக் காட்டியபோது, "இதுக்கு இத்தாலியில் இருந்தா வரணும்?" என்று சிரித்தார்கள்.

(வீட்டுக் கல்வி என்றால் எடிசனின் தாயாரைச் சொல்லாதவர் இல்லை. மகனுக்கு வீட்டில் அவர் கற்பித்தது உண்மை. ஆனால் ஆசிரியரின் கடிதத்தை மகனுக்கு மாற்றிப் படித்துக் காட்டினார் என்று கைப்பேசியில் சுற்றிவரும் கதை வெறும் கட்டுக்கதை.)

இனி மறுபக்கம். எங்கள் அடுத்த வீட்டில் தம்பி வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வீட்டில் பாடம் பார்க்கக் கைப்பேசியும் இல்லை, உட்கார்ந்து சொல்லித்தர ஆளுக்கு நேரமும் இல்லை. ஆச்சி அவளையும் திண்ணைக்கு அழைத்தார்கள். எங்களுக்குத்தான் வியப்பு! அம்மாவுக்குக் கட்டுகளை எண்ணிக் கொடுத்துக் கொடுத்து ஆயிரம்வரை தடையின்றி எண்ணினாள். தம்பி நூறில் தடுமாறினான். ஆனால் தன் பெயரை எழுத அவளுக்குத் தெரியவில்லை. வீடே பள்ளி என்று புகழ்கிறோமே, ஆச்சி இல்லாத வீடுகள் எத்தனை! 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி, பிறகு எங்கள் தெருவிலும் மாலை வகுப்பு நடந்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவள் அவள்தான்.

பள்ளி திறந்ததும் தம்பி நேரே இரண்டாம் வகுப்பில் போய் அமர்ந்தான். கேள்விமேல் கேள்வி கேட்டதால் முதல் வாரமே கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்டான். வீட்டில் பெரிய விவாதம். "வீட்டிலேயே படிக்கட்டும். 14 வயதில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாமே" என்றார்கள் அப்பா. அம்மா தயங்கினார்கள். ஆச்சி கை கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். ஆச்சியோ, "எனக்குத் தெரிஞ்சது தீர்ந்துபோச்சு. அவனுக்குச் சேக்காளிங்க வேணும்" என்று முடித்துவிட்டார்கள். தம்பியும் கபடி ஆட ஆளில்லாத வீட்டில் இருக்க மாட்டேன் என்றான்.

போனான். அந்த ஆண்டு முழுவதும் காலண்டர் தாளில் ஒரு வரிகூட எழுதவில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம். ஆச்சியோ ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொரு மாதமும் தாளைக் கிழித்து அடுக்கிக்கொண்டே வந்தார்கள். நான்காம் வகுப்பில் அவனுக்கு வாய்த்த ஆசிரியை, பள்ளி வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியபோது பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று காட்டினாராம். அன்று மாலை வந்ததும் வராததுமாக, "ஆச்சி, தாள் இருக்கா?" என்றான்.

இப்பொழுது அவன் ஆறாம் வகுப்பு. அடுத்த வீட்டுச் சிறுமியும் ஆறாம் வகுப்புதான், வேறு பள்ளி. மார்கழிக்கு நடுவரிசையில் பதினொன்று வைத்துப் பெரிய கோலம் போடுவதென்று மூவரும் திட்டமிட்டிருக்கிறோம். 121 புள்ளி. தெருவில் அதற்கு இடம் போதுமா என்று அவள் அடி அடியாக அளந்துகொண்டிருக்கிறாள்; தம்பி குறித்துக்கொள்கிறான்.