உடம்பு முடியாதவர்களின் தோட்டம்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், 2,668 அடி உயரமுள்ள மலையையும், அதன் அடிவாரத்தில் 11 நிலைகளோடு 217 அடி எழுந்து நிற்கும் ராஜகோபுரத்தையும், பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் நகர்ந்துகொண்டிருக்கும் ஜனத்திரளையும் கண்டு திருப்தியோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பாறையில் ஏறிய சூடு விடியும்வரை இறங்காத சித்திரையிலும், செம்மண் கரைந்து தெருவுக்கு ஓடிவரும் கார்த்திகை மழையிலும், இதே ஊரின் மொட்டைமாடிகளிலும் புறநகர்க் கொல்லைகளிலும் கத்தரியையும் கீரையையும் காப்பாற்றி வளர்க்கிறவர்களைத் தேடி யாரும் வருவதில்லை. அவர்களுக்குள்ளும், மாதம் தவறாமல் வைத்தியரிடம் போய்வருகிற ஒரு சிறு கூட்டத்தார் உண்டென்று கேள்விப்பட்டு, அவர்களைப் பார்ப்பதற்காகவே நான் சென்றேன். நோயாளி ஒருவர் செடி வளர்க்கிறார் என்றதும் அவருடைய மனோதைரியத்தைப் புகழத் தொடங்கிவிடுவது நம் வழக்கம். எனக்கோ அந்தத் தைரியத்தைவிட, வளையாத விரலையும் வாங்குகிற மூச்சையும் வைத்துக்கொண்டு அவர்கள் எந்தக் கிரமத்தில், எந்தக் கருவியால், எந்த வேளையில் வேலை செய்கிறார்கள் என்பதை அறிவதிலேதான் ஆவல் இருந்தது.

செங்கம் சாலையை ஒட்டிய தெருவொன்றில், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் மாடிக்கு முதலில் போனேன். முடக்குவாதம் அவருடைய கைவிரல்களின் கணுக்களை வீங்கவைத்து, முழங்கால்களையும் பிடித்து, நெடுங்காலம் ஆகிவிட்டது. "காலையிலே இந்தக் கை என்னுடையது இல்லை, தம்பி. சாயங்காலம் நாலு மணிக்கு மேலேதான் அது என் பேச்சைக் கேட்கும்" என்றார். ஆகையால், விதைப்பதும் நடுவதும் கொத்திவிடுவதும் அங்கே மாலை வேலைகள். காலையில் அவர் செய்வதெல்லாம் முக்காலியில் அமர்ந்து இலைகளைப் புரட்டிப் பார்ப்பது ஒன்றுதான். அசுவினியும் மாவுப்பூச்சியும் இலையின் அடிப்புறத்தில்தான் முதலில் கூடுகின்றன என்பதால், உடம்பு ஒத்துழையாத அந்த வேளையும் பயிருக்குப் பிரயோஜனமாகவே கழிகிறது.

அவருடைய பாத்திகள் தரையில் இல்லை. சிமெண்டுக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் இரண்டரை அடி உயரத்தில் தொட்டிகளை ஏற்றியிருக்கிறார்; ஒரு பக்கமிருந்து மட்டுமே கை நீட்ட முடியும் என்பதை அனுசரித்து ஒவ்வொரு தொட்டியும் இரண்டடி அகலத்துக்கு மேல் போகாமல், ஓரடி ஆழத்தோடு இருக்கிறது. செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்று கலந்திருப்பதற்குக் காரணம் செடியின் நலம் மட்டுமன்று. வெறும் மண்ணை நிரப்பினால், நனைந்தபின் அதன் பாரத்தை மாடி தாங்கவேண்டும், அதைக் கிளறுகிற மணிக்கட்டும் தாங்கவேண்டும். அந்தப் பாரத்துக்கு அஞ்சியே தொட்டிகளை நடுத்தளத்தில் பரப்பாமல், கீழே சுவர் வருகிற வரிசையை ஒட்டி வைத்திருக்கிறார்.

வெண்டை விதைத்ததை அருகிலிருந்து பார்த்தேன். முந்திய இரவே ஊறவைத்த விதைகள் ஒரு கிண்ணத்தில் இருந்தன. அரை அங்குல பி.வி.சி. குழாயின் மேல்முனையில், கழுத்தோடு வெட்டிய தண்ணீர்ப் புட்டியொன்று புனல்போலச் செருகப்பட்டிருந்தது. குழாயின் கீழ்முனையை மண்ணில் அழுத்தி அரை அங்குலக் குழி செய்து, மேலே ஒரு விதையைப் போட்டு, அது உருண்டு இறங்கும் சத்தம் நின்றதும், அதே முனையால் மண்ணைத் தள்ளி மூடினார். குனியவும் இல்லை, விதையை விரல் நுனியால் கிள்ளி எடுக்கவும் இல்லை. உள்ளங்கையில் ஒட்டி வந்த விதையைப் புனலுக்குள் தட்டிவிட்டார். அறுவடைக்கு, வில் வைத்த கத்தரிக்கோல். அதன் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கியிருந்தார். திருகுகிற குழாய்க்குப் பதிலாக, முழங்கையால் தள்ளித் திறக்கிற நெம்புக்குழாய். பத்து லிட்டர்ப் பூவாளி பரணுக்குப் போய்விட்டது. மூடியில் துளையிட்ட இரண்டு லிட்டர்ப் புட்டிகள் வரிசையாக நிழலில் நின்றன. மலையை ஒட்டிய இந்தப் பகுதியில் குரங்குகளின் தொல்லை அதிகம் என்பதால் தொட்டிகள் யாவும் வலைக்கூண்டுக்குள் இருக்க, மிளகாயும் பாகலும் மட்டும் வெளியே நின்றன. அவற்றைக் குரங்கு அவ்வளவாகத் தொடுவதில்லை என்பது அவர் கண்ட அனுபவம்.

அந்தச் சாலையில் நடக்கும்போது ஸ்ரீரமணாசிரமத்தைக் கடந்துதான் போகவேண்டும். ரமண மகரிஷிக்கு முழங்கால் வாதம் நெடுநாள் இருந்தது; இருந்தும், விடியுமுன்பே எழுந்து சமையற்கூடத்தில் அமர்ந்து காய் நறுக்கும் வேலையில் அவர் பல ஆண்டுகள் பங்கேற்றதை உடனிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சிந்திய அரிசி மணிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிற அவருடைய சிக்கனமும் பிரசித்தம். 1916 முதல் 1922 வரை அவர் வசித்த ஸ்கந்தாசிரமம் இருக்கும் மலைச்சரிவு, முன்னர் கள்ளி மண்டிக் கிடந்த இடம். கந்தசாமி என்ற அன்பர் அதைத் திருத்தி, தென்னையும் மாவும் வைத்துத் தோப்பாக்கினார். அவர் பெயராலேயே அவ்விடம் இன்றும் வழங்குகிறது. இந்த மலையடிவாரத்தில் துறவுக்கும் தோட்டவேலைக்கும் பகை இருந்ததில்லை. முடிந்த வேலையை முடிந்த வேளையில் செய்வது இங்கே பழைய சம்பிரதாயம்தான்.

வேட்டவலம் சாலையில், ஊர் எல்லை தாண்டியதும், நிலக்காரர் ஒருவர் தம் கொல்லையில் முப்பது சென்ட்டைப் பிரித்து ஆளுக்கு மூன்று சென்ட் வீதம் பத்துப் பேருக்கு விட்டிருக்கிறார். குத்தகைப் பணம் கிடையாது. மோட்டார் பழுதானால் செலவைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், நிலக்காரர் வீட்டுக்கு வாரம் ஒரு பை காய் போகவேண்டும், அவ்வளவே ஒப்பந்தம். அந்தப் பத்துப் பேரில் நோயில்லாதவர்கள் சிலரே. மோட்டார் கொட்டகையின் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறது. அதில் இரண்டே பத்திகள்: 'முடியும்', 'முடியாது'. வருகிறவர் ஒவ்வொருவரும் அன்றைக்குத் தம்மால் ஆகிற வேலையையும் ஆகாத வேலையையும் எழுதிவிட்டுத்தான் பாத்திக்குள் இறங்கவேண்டும். ஒருவருடைய 'முடியாது' இன்னொருவருடைய 'முடியும்' பத்தியில் இருந்தால் அங்கே கைமாறிவிடும். முடியாது என்று எழுத வெட்கப்படுகிறவருக்கு இங்கே இடமில்லை என்று நிலக்காரர் முதல் நாளே சொல்லிவிடுவாராம்.

கத்தரிப் பாத்திகளைக் கவனிக்கிறவர் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். நாட்பட்ட சர்க்கரை வியாதியால் இரு பாதங்களிலும் உணர்ச்சி போய்விட்டது. செருப்பில்லாமல் வரப்பில் கால் வைப்பதில்லை. மூடிய காலணியைத் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே போடுகிறார். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறார். "முள்ளு குத்தினா வலிக்கணும் சார், வலிக்கலேன்னா அதுதான் பயம்" என்று சாதாரணமாகச் சொன்னார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் கற்கண்டுப் பொட்டலம் இருக்கிறது. அவர் வைத்திருப்பது பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர் 1 ரகம். ஒரு வரிசையில் மட்டும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்கத்தரி. கத்தரிக்குப் பெரும் சத்துரு குருத்தையும் காயையும் துளைக்கிற புழு. மற்ற இலைகள் விறைப்பாக நிற்கையில் ஒரு குருத்து மட்டும் தலை கவிழ்ந்திருந்தால், புழு உள்ளே இருக்கிறது என்று பொருள். அவர் அத்தகைய குருத்தொன்றை ஓர் அங்குலம் கீழே சேர்த்துக் கிள்ளி, நெடுக்காகப் பிளந்து காட்டினார். வெளிறிய சிவப்பில் ஒரு சிறு புழு நெளிந்தது. கிள்ளியதை எல்லாம் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து அழித்துவிடுகிறார். பூச்சி மிகுந்தால், லிட்டருக்கு ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளிக்கிறார்.

பந்தல் பாத்தி, பூக்கட்டி விற்கிற ஓர் அம்மாளுடையது, அவருக்கு ஆஸ்துமா. எருக்குழியைக் கிளறும்போது எழும் தூசியும் பூசணமும் ஆகாது என்பதால், எருவை முதலில் நீர் தெளித்து நனைத்து, பிறகு டிரைவர்தான் அள்ளிக் கொடுக்கிறார். அந்த அம்மாளின் கையோ முடிச்சுப் போடுவதில் தேர்ந்த கை. புடலம்பிஞ்சு சாணளவு வந்ததும், பூக்கட்டுகிற வாழைநாரால் அதன் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுகிறார். நார் பிஞ்சை அறுத்துவிடாமலும், கல் நழுவிவிடாமலும் விழுகிற அந்தச் சுருக்கை நான் போட்டுப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லண்ணா, கோணலா காய்ச்சாலும் கூட்டு கூட்டுதான்" என்றார்.

கீரைப் பாத்திக்கு உரியவர் ஓர் இளைஞர், மின்வேலை தெரிந்தவர், சிறுநீரகம் பழுதாகி வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். அதற்காக ரத்தநாளங்களை இணைத்திருக்கிற இடக்கையால் பாரம் தூக்கக்கூடாது என்பது வைத்தியர் கட்டளை. ஆகவே வலக்கைக்கு மட்டும் ஐந்து லிட்டர் கேன், மண்வெட்டி அறவே இல்லை. இருபத்தைந்து நாளில் பறிக்கிற சிறுகீரையையும், அறுக்க அறுக்கத் துளிர்க்கிற அரைக்கீரையையும் அவர் செழிப்பாக வளர்க்கிறார். ஆனால், பொட்டாசியம் மிகுந்த கீரையை அவர் விரும்பியபடி உண்ண முடியாது. பூக்கார அம்மாள் தருகிற சுரையும் பீர்க்கும் புடலும்தான் அவருக்கு. அவற்றையும் நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கிறார்கள். தாம் உண்ணாததைத் தாமே வளர்ப்பானேன் என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில எல்லாரும் எனக்குத்தான் செய்யறாங்க அண்ணா. இங்க பத்து வீட்டுக்கு நான் கீரை குடுக்கறேன்" என்றார்.

பௌர்ணமியன்று பேருந்துகளையும் ஆட்டோக்களையும் திருப்பிவிடுவதால் மாலையில் யாரும் கொல்லைக்கு வந்துசேர முடிவதில்லை. அன்று காலையிலேயே பாய்ச்சி, வைக்கோல் மூடாக்கைக் கனமாகப் போட்டுவிடுகிறார்கள். டயாலிசிஸ் நாளுக்கும் இதே ஏற்பாடுதான். உழைக்க முடியாத நாள் வந்தே தீரும் என்று முன்கூட்டியே எண்ணி அமைத்த தோட்டம் இது. திடசாலிகள் பலருடைய தோட்டங்கள் அப்படி அமைவதில்லை.

இத்தகைய பங்குத் தோட்டம் உலகுக்குப் புதிதன்று. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், உடற்பயிற்சியை வலியுறுத்திய வைத்தியர் ஷ்ரேபரின் பெயரால் 1864இல் ஒரு சங்கம் தோன்றி, குழந்தைகள் விளையாடும் திடலின் ஓரத்தில் அமைத்த பாத்திகளே அந்நாட்டின் பங்குத் தோட்டங்களுக்குப் பெயர் கொடுத்தன. இங்கிலாந்தில் 1908இன் சட்டம், நிலம் கேட்போருக்கு அதை ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளூர் மன்றங்களின்மேல் சுமத்தியது; அங்கே வழக்கமான ஒரு பங்கு நம் கணக்கில் ஏறத்தாழ ஆறேகால் சென்ட். நம் நாட்டிலும் இரண்டாம் உலகயுத்த காலத்தில், 1942இல் தொடங்கிய 'அதிக உணவு உற்பத்தி' இயக்கம் வீட்டுக் கொல்லைகளைக் காய்கறிப் பாத்திகளாக்கச் சொன்னது. நோயாளிக்கும் செடிக்கும் உள்ள உறவைப் பற்றி, 1812இல் அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் ரஷ், மனநோய் விடுதிகளில் தோட்டம் கொத்திய ஏழை நோயாளிகள் தேறிவருவதைக் கவனித்து எழுதினார். 1984இல் ரோஜர் உல்ரிச், பித்தப்பை அறுவைசிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ஒப்பிட்டு, ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பியதாக வெளியிட்டார்.

இவற்றைக் கொண்டு, தோட்டம் நோயைத் தீர்க்கும் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். ஆசிரியையின் கணுக்கள் வளைந்தவை வளைந்தபடியே இருக்கின்றன. இளைஞருக்கு டயாலிசிஸ் நிற்கவில்லை. நான் சந்தித்த ஒருவரும் மாத்திரையைக் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. மண்ணில் கை வைக்கிற நோயாளி டெட்டனஸ் ஊசியையும் கையுறையையும் மறக்கலாகாது. கணக்குப் பார்த்தாலும் பெரிய லாபமில்லை. சந்தையில் வாங்குகிற செலவில் ஒரு பகுதி மிஞ்சலாம், மாடித் தொட்டிகளுக்குப் போட்ட முதல் திரும்பிவரச் சில வருஷங்கள் ஆகும். ஆயினும் காயும் பழமுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 400 கிராம் உண்ணவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, பணம் கொடுத்து வாங்கும்போது எட்டாத பல வீடுகளில், கொல்லையிலிருந்து வரும்போது எட்டிவிடுகிறது. அதைவிடப் பெரிய ஆதாயம், பிறர் கையை எதிர்பார்த்தே நாளெல்லாம் கழிக்க நேர்ந்தவர்கள், நாலு வீட்டுக்குக் கொடுக்கிறவர்களாக ஆவதுதான்.

திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. ஊர் விரிய விரியக் கொல்லைகள் மனைகளாகின்றன. நிலக்காரரின் அந்த முப்பது சென்ட்டுக்கும் விலை கேட்டு ஆட்கள் வந்துபோகிறார்கள். மாநகராட்சிப் பூங்காக்களிலும், கிரிவலப் பாதையில் உள்ள மடங்களின் வளாகங்களிலும், மருத்துவமனைகளின் பின்புறங்களிலும் வெற்றிடம் இன்னும் மீதியிருக்கிறது. அவற்றில் இரண்டரை அடி உயரத்தில் சில பாத்திகளும், முழங்கையால் திறக்கும் ஒரு குழாயும், உட்கார ஒரு நிழலும் அமைத்து முதியோருக்கும் நோயாளிகளுக்கும் விட்டுவிடுவது, செலவு குறைந்த, உடனே செய்யக்கூடிய காரியம். வாசகர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் உடம்பு முடியாத ஒருவர் இருந்தால், நாளில் எந்த வேளையில் அவருடைய கை அவர் பேச்சைக் கேட்கும் என்று கேளுங்கள். அந்த வேளைக்கு ஏற்ற உயரத்தில் ஒரு தொட்டியும், ஒரு முக்காலியும், ஒரு பிடி கீரை விதையும் வாங்கி வையுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.