கால் பார்த்திங்

மாத்தளையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், இலங்கைக்கென்றே 1839இலும் 1851 முதல் 1853 வரையிலும் பிரித்தானிய அக்கசாலை கால் பார்த்திங் என்னும் செப்புக்காசை அடித்தது. 16 சேர்ந்தால் ஒரு பென்னி. ஒருபுறம் விக்டோரியா, மறுபுறம் முடியும் ஆங்கில எழுத்தும். மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளைக் காட்டுவழியே நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வெழுத்து விளங்கியிராது. அதனாற் பெருந்தீங்கில்லை, காசைக் கையால் எண்ணிவிடலாம். எண்ணவியலாதது கங்காணியின் கணக்கிலேறிய கடனே. வழிச்செலவு, அரிசி, முன்பணம் யாவும் அதிலேறின. காசு நாணயமாகவே இருந்தது. கணக்கைப்பற்றி அவ்வாறு கூறவியலாது. 1872இல் ரூபாயும் சதமும் வந்தன. புதிய செப்புச் சதத்தில் ஆங்கிலத்துடன் சிங்களமும் தமிழும் இடம்பெற்றன. கடனோ, பின்னாளில் ‘துண்டு’ என்னும் சீட்டிலேறி, தோட்டம் மாறினும் ஆளைத் தொடர்ந்தது. அச்சீட்டு ஒழிந்தது 1921இலேதான்.