மாருதியும் மஸ்டாங்கும்

மஸ்டாங் என்றால் அமெரிக்காவின் மேற்குப் பிரதேசத்தில் திரியும் காட்டுக் குதிரை என்று அர்த்தம். அப்பெயர் கொண்ட போர்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை என் மருமான் வாங்கியிருக்கிறான். எங்கள் வீட்டில் இருப்பதோ 1996-ஆம் வருஷத்து மாருதி 800. பெயரளவில் நாங்கள் தாழ்ந்துவிடவில்லை; மாருதி வாயுகுமாரன் அல்லவா?

ஆனால் கணக்கு வேறு விதமாயிருக்கிறது. மாருதிக்கு மூன்று சிலிண்டர், 796 ஸி.ஸி.; நாற்பதுக்கும் குறைந்த குதிரைச் சக்தி. 2016-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மஸ்டாங்குக்கோ எட்டு சிலிண்டர். ஏறக்குறைய 5,000 ஸி.ஸி.; சுமார் 400 குதிரைச் சக்தி. பத்து மாருதிகளை ஒரே நுகத்தில் பூட்டியது போல!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மருமான் என்னை அதில் அழைத்துப் போனான். உள்ளதைச் சொல்கிறேன்: பரமானந்தமாயிருந்தது. அவன் காலை லேசாக அழுத்தியதும் என் முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. தூரத்து இடி போல் எஞ்ஜின் உறுமிற்று. கோவளம் வந்ததே தெரியவில்லை. ஆனால் திரும்பி வந்து மயிலாப்பூர் மாட வீதியில் நுழைந்ததும் காட்டுக் குதிரை கோயில் மாடாகிவிட்டது. பூக்கடைக்கும் ஆட்டோவுக்கும் நடுவே 4.8 மீட்டர் நீள வண்டியைத் திருப்புவதற்குள் பையனுக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. அதன் பின் ஆசனத்தில் ஏற என் அக்காள் மறுத்தே விட்டாள். பெற்ற பிள்ளையின் வண்டியாயிருந்தும்!

"இந்தப் பழைய டப்பாவைத் தள்ளிவிடுங்கள், மாமா" என்கிறான் மருமான். பதினைந்து வருஷம் கடந்த வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை ரிஜிஸ்டிரேஷனைப் புதுப்பிக்க வேண்டும். அதை நினைத்தால் எனக்கும் சபலம் தட்டத்தான் செய்கிறது.

1983 டிசம்பர் 14-ல் இந்திரா காந்தி அம்மையார் முதல் மாருதியின் சாவியை வழங்கினார். அதற்கு முன் நம்மவர்கள் அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அம்பாஸடரைத் திருப்பத் தோள் வலிமை வேண்டும். மாருதியின் கனமோ சுமார் 650 கிலோதான். நாற்பது வயதில் என் மனைவி அதில்தான் கார் ஓட்டக் கற்றாள். ஒரு மழை இரவில் எனக்கு மார்வலி கண்டபோது, யாரையும் எழுப்பாமல் என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிச் சென்றவளும் அவள்தான்.

வண்டியை விற்கலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"உங்கள் பாதியை விற்றுக்கொள்ளுங்கள், சாவி என்னிடம் இருக்கிறது" என்றாள்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆயினும் ஜி.பி. ரோட்டில் உதிரி சாமான்கள் கிடைக்கின்றன. புதிய கிளட்ச் பிளேட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.